தேனீப் பெட்டி வாங்குவதற்கு முன்னால்

நாட்டுத் தேனீக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு தெருவோ குடியிருப்போ முடிவு செய்தால், முதல் கூட்டத்திலேயே யாராவது சொல்வார்கள்: "நாலு தேனீப் பெட்டி வாங்கி வைப்போம்." அந்த யோசனையைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். முடிந்தால் விட்டேவிடுங்கள்.

உலகில் இதுவரை அறியப்பட்ட தேனீ இனங்கள் 20,000-க்கு மேல். பெட்டியில் வளர்க்கக்கூடியவை அவற்றில் மிகச் சில. மீதியில் பெரும்பாலானவை தனித்தேனீக்கள். ராணியும் இல்லை, வேலைக்காரக் கூட்டமும் இல்லை. ஒரே பெண் தேனீ தானே வளை தோண்டி, மகரந்தத்தைத் தேனில் குழைத்து உருண்டை பிடித்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, அறையை அடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகும். நல்ல நிலையில் இருக்கும் ஒரு பெட்டியிலோ பல்லாயிரம் தேனீக்கள் இருக்கும். பூ குறைவான மாதத்தில் அவை மொத்தமாக இறங்கினால் இந்த ஒற்றை ஆளுக்கு மிச்சம் இருக்காது. சிறகை முடக்கும் வைரஸ் போன்ற நோய்களும் பெட்டித் தேனீயிலிருந்து பூ வழியாகக் காட்டுத் தேனீக்கு ஒட்டும். கோழி வளர்த்துக் காட்டுப் பறவையைக் காப்பாற்ற முடியாது; இதுவும் அப்படித்தான்.

காட்டுத் தேனீயைக் காப்பதை ஏன் ஒரு வீட்டுக்காரர் தனியாகச் செய்ய முடியாது என்பதற்குக் காரணம் தூரம். சிறிய தனித்தேனீ கூட்டை விட்டுச் சில நூறு மீட்டருக்கு மேல் இரை தேடிப் போகாது. 300 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 28 ஹெக்டேர், அதாவது 70 ஏக்கர். அதற்குள் வருடம் முழுக்கப் பூ வேண்டும், கூடு கட்ட இடம் வேண்டும், விஷம் இருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் வீண். ஊருக்குள் 70 ஏக்கர் ஒருவர் கையில் இருக்காது, ஐம்பது வீடு, ஒரு பள்ளி மைதானம், ஒரு பூங்கா, சாலையோரம் என்று சிதறிக் கிடக்கும்.

ஆகவே முதல் வேலை வரைபடம். கைப்பேசி வரைபடத்தில் நடுவில் ஒரு புள்ளி வைத்து 300 மீட்டர் வட்டம் போட்டு அச்செடுங்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து நடந்து மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: பூக்கும் செடிகள், வெறும் மண் தெரியும் இடங்கள், மருந்தடிக்கும் இடங்கள். ஒரு காலைப்பொழுது போதும்.

அடுத்தது பூக்கும் நாட்காட்டி. பன்னிரண்டு மாதம் குறுக்கே, செடிகள் கீழே. ஒவ்வொரு செடியும் பூக்கும் மாதக் கட்டத்தை நிரப்புங்கள். எந்த மாதத்தில் மூன்று வகைக்கும் குறைவாகப் பூக்கிறதோ அதுதான் ஓட்டை. எல்லோரும் செடி வாங்கப் போகும்போது கண்ணுக்கு அழகாகப் பூத்திருப்பதைத்தான் எடுப்பார்கள். அதனால் ஏற்கெனவே பூ மலிந்த மாதத்தில் இன்னும் பூ சேரும், ஓட்டை மாதம் ஓட்டையாகவே இருக்கும். நாலு வாரம் பட்டினி கிடந்தால் தனித்தேனீயின் அந்தத் தலைமுறையே போய்விடும். எனவே பணம் இருந்தால் முதலில் அந்த ஓட்டைக்குச் செலவிடுங்கள்.

நடும்போது ஒவ்வொன்றாகத் தூவாமல், ஒரே வகையை ஒரு சதுர மீட்டருக்காவது சேர்த்து நடுங்கள். தேனீ ஒரு சுற்றில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் தேடிப் போகும். கொத்தாக இருந்தால் அதற்கு அலைச்சல் குறைவு. அடுக்குப் பூ ரகங்களைத் தவிர்க்கவும். அவற்றில் மகரந்தத் தாள்கள்தான் இதழாக மாறியிருக்கும், பார்க்க மட்டும் பூ. நர்சரியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இமிடாகுளோபிரிட், குளோதியானிடின், தயாமெத்தாக்சாம் போட்ட செடியா? செடி உறிஞ்சிக்கொள்ளும் இந்தப் பூச்சிமருந்துகள் மகரந்தத்துக்கும் தேனுக்கும் வந்துவிடும், மாதக்கணக்கில் தங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இம்மூன்றையும் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் விதையிலிருந்து நீங்களே வளர்ப்பது நல்லது.

பூவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கூட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தனித்தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணில்தான் வளை தோண்டுகின்றன. அவற்றுக்கு வேண்டியது வெயில் படுகிற, நீர் தேங்காத, யாரும் கொத்தாத வெறும் மண். தோட்டக்கலை ஆர்வலர்கள் செய்யும் பெரிய தவறு, நல்லது என்று நினைத்து மண் முழுவதையும் கனமான மூடாக்கால் (காய்ந்த இலை, வைக்கோல் போன்ற போர்வையால்) மூடிவிடுவது. காய்கறிப் பாத்திக்கு மூடாக்கு போடுங்கள், தவறில்லை. ஆனால் வீட்டுக்கு ஒரு சதுர மீட்டர் இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் பென்சில் கனத்தில் ஓட்டையும் அதைச் சுற்றிப் பொடி மண் குவியலும் தெரிந்தால், எறும்பு என்று கொதிநீர் ஊற்றிவிட வேண்டாம். பத்து நிமிடம் பாருங்கள். எறும்பு வளையென்றால் சாரை ஓயாது. தேனீ வளையென்றால் நெடுநேரம் சத்தமே இருக்காது. பிறகு ஒன்று காலில் மஞ்சள் பொடியுடன் வந்து தாழ்வாக ஒரு வட்டமடித்துச் சட்டென்று உள்ளே இறங்கும். கூட்டத்தைக் காக்கும் அவசியம் இல்லாததால் இவை துரத்திக் கொட்டுவதில்லை. பயப்படும் அண்டை வீட்டாருக்கு இதை ஒருமுறை நேரில் காட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மரத்துளையில் கூடு கட்டும் தேனீக்களுக்கென்று "பூச்சி விடுதி" என்ற பெயரில் விற்கும் அலங்காரப் பெட்டிகளில் பல உதவாதவை. நீங்களே செய்தால் அளவுகள் இவை: பதப்படுத்தாத கட்டையில் 3 முதல் 10 மில்லிமீட்டர் வரை வெவ்வேறு விட்டத்தில் துளைகள், ஆழம் 15 சென்டிமீட்டர், பின்பக்கம் அடைத்திருக்க வேண்டும். மரத்தின் வெட்டுமுகத்தில் துளைத்தால் வெடிக்கும், பக்கவாட்டில் துளையுங்கள். வாயில் சிலாம்பு இருந்தால் சிறகு கிழியும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும். மூங்கில் என்றால் பின்னால் கணு வருமாறு வெட்டவும். ஆழத்தில் ஏன் இவ்வளவு கறார்? பெண்ணாகப் பிறக்கும் முட்டைகளைத் தாய் உள்பக்க அறைகளிலும், ஆண் முட்டைகளை வாசல் பக்கமும் இடும். குழாய் குட்டையாக இருந்தால் ஆண்களே மிஞ்சும், மறுவருடம் கூடு கட்ட ஆள் இருக்காது. காலை வெயில் படும் சுவரில், ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில், ஆடாமல் ஆணியடித்துப் பொருத்துங்கள். மழைக்கு மேலே சிறு கூரை. கண்ணாடி, பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஒரே இடத்தில் பெரிதாக ஒன்று வைத்தால் ஒட்டுண்ணிக் குளவிகளும் உண்ணிகளும் அங்கேயே குடியேறும். கையகலத்தில் பத்து, பத்து வீட்டில் என்று பிரித்து வையுங்கள். குஞ்சுகள் வெளியேறிய குழாய்களை மாற்றிவிடவும்.

மரம் துளைக்கும் கரிய தச்சுத்தேனீயை அடித்துக் கொல்கிற பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தக்காளி, கத்தரிப் பூவில் மகரந்தம் வெளியே கொட்டிக் கிடக்காது. மஞ்சள் குழாய் போன்ற பைக்குள் இருக்கும், நுனியில்தான் திறப்பு. தச்சுத்தேனீ அதைக் கட்டிப்பிடித்துச் சிறகை அசைக்காமல் மார்புத்தசையை மட்டும் அதிரவைக்கும். ரீங்காரத்தின் சுருதி சட்டென்று ஏறும், பொடி அதன் வயிற்றில் கொட்டும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. உத்தரம் கெடும் என்ற கவலை நியாயமானதுதான். மரத்துக்கு வண்ணம் பூசிவிட்டு, தோட்டத்து மூலையில் ஒரு பட்டுப்போன கட்டையை விட்டுவையுங்கள்.

மருந்து விஷயத்தில்தான் தெரு ஒற்றுமை சோதிக்கப்படும். முழுத் தடை என்று தொடங்கினால் இரண்டாம் கூட்டத்திலேயே சண்டை வரும். நடைமுறையில் நிற்கக்கூடிய விதிகள் போதும்: அடிப்பதற்கு 48 மணி நேரம் முன்பே குழுவில் தகவல் (என்ன மருந்து, எங்கே, எப்போது), பூத்திருக்கும் செடிமேல் அடிப்பதில்லை, தவிர்க்கவே முடியாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு, காற்றில்லாத நேரத்தில். பூஞ்சைக்கொல்லி பாதுகாப்பானது என்று நினைத்துப் பூச்சிமருந்துடன் கலக்க வேண்டாம், சில கலவைகளில் விஷத்தின் வீரியம் பன்மடங்காகும். கொசுவுக்குப் புகை அடிப்பது அந்திப் பூச்சிகளையும் சேர்த்தே கொல்லும். தேங்கிய நீரை வாரம் ஒருமுறை கொட்டுவதும், கொட்ட முடியாத தொட்டிகளில் கொசுப்புழுவைக் கொல்லும் பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் போடுவதும் தேனீயைத் தொடாது. கடைசிச் சொல்லைக் கவனித்து வாங்கவும். அதே பாக்டீரியாவின் குர்ஸ்டாகி ரகம் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களைக் கொல்லும்.

பொது இடங்களில் புல்லை ஒரே நாளில் மொட்டையடிக்காமல் மூன்றாகப் பிரித்து, ஒரு முறைக்கு ஒரு பகுதியை வெட்டச் சொல்லுங்கள். "குப்பையாய்க் கிடக்கிறது" என்று புகார் வரத்தான் செய்யும். நடைபாதையை ஒட்டி அரை மீட்டர் மட்டும் ஒழுங்காக வெட்டி, ஒரு சிறு பலகை நட்டுவிட்டால் புகார் குறையும். புதிதாக நட்டவற்றுக்கு முதல் கோடையில் நீர் ஊற்ற இடத்துக்கு இரண்டு பேரைப் பெயர் எழுதிப் போடுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று விட்ட செடி அந்தக் கோடையிலேயே காய்ந்துவிடும்.

பலன் தெரிய மாதம் ஒருமுறை எண்ண வேண்டும். அரை மீட்டர் சதுரம், அதே செடி, அதே நேரம், வெயிலும் காற்றின்மையும் உள்ள நாள், பத்து நிமிடம். பெட்டித் தேனீ, பெரிய கருந்தேனீ, சிறு தேனீ, பூ ஈ, வண்ணத்துப்பூச்சி, மற்றவை என்று ஆறு கட்டம் போதும். பூ ஈ தேனீ வேடம் போடும். கண் பெரிது, உணர்கொம்பு குட்டை, சிறகு இரண்டே. முதல் வருட எண்ணிக்கை வெறும் ஒப்பீட்டுக்குத்தான், ஏறவில்லை என்று சோர வேண்டாம். பல தனித்தேனீக்களுக்கு வருடத்துக்கு ஒரே தலைமுறைதான். இரண்டாம் மூன்றாம் வருடங்களில் பூ ஈ கூடியும் சிறு தேனீ கூடவில்லையென்றால் குறை பூவில் இல்லை. பூ ஈ வளை தோண்டிக் கூடு கட்டுவதில்லை, தேனீக்குத்தான் அந்தத் தேவை. அப்போது செடி வாங்கப் பணம் திரட்டாமல், மூடாக்கை விலக்க நாலு பேரை அனுப்புங்கள்.