ஈயச்சட்டி: 58 கிலோ படகும் 43 ரிவெட்டும்

1999இல் பெங்களூர் அல்சூரில் ஒரு காயலான் கடைக்கு இரும்புக் குழாய் வாங்கப் போனவன், 12 அடி அலுமினியப் படகோடு வீடு திரும்பினேன். கடைக்காரர் அதைத் துண்டு போட ரம்பத்தை எடுத்து வைத்திருந்தார். எடை போட்டால் 58 கிலோ. படகுக்கென்று அவரிடம் தனி விலை இல்லை. பழைய பாத்திரக் கணக்கில்தான் கொடுத்தார். பெயர்த்தகடு இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் மட்டும் மிச்சம்.

நான்கு பேர் கயிறு கட்டி மொட்டை மாடிக்கு ஏற்றினோம். எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க ஏரிக்குப் போக வேண்டியதில்லை. படகை மரக்கட்டைகள் மேல் உயர்த்தி வைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றிவிட்டு அடியில் படுத்துக்கொண்டு பார்த்தால் போதும். ஆனால் கட்டைகளை நெருக்கமாக வைக்க வேண்டும். நான்கு விரற்கடை உயரத்துக்கு ஊற்றினாலே ஏறக்குறைய 300 லிட்டர், அதாவது 300 கிலோ. இரண்டு முனைகளில் மட்டும் முட்டுக் கொடுத்தால் நடுவில் தகடு தொங்கிவிடும்.

எங்கள் தெருவில் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். மூன்றாவது டிரம்மைச் சாய்க்கும்போது மனைவி மாடிக்கு வந்தாள். “லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறோம். நீங்கள் படகுக்குள் ஊற்றுகிறீர்களா? படகு தண்ணீர் மேல்தானே போக வேண்டும்?” பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. படகுக்கடியில் மல்லாந்து கிடந்தேன், மூக்கின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. மெழுகுப் பென்சிலால் ஒவ்வொரு சொட்டையும் வட்டமிட்டேன். 43 வட்டங்கள், எல்லாம் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளைச் சுற்றி. தண்ணீரை மட்டும் பிறகு துணி துவைக்கப் பயன்படுத்திக்கொண்டோம்.

முதல் ஆறு ரிவெட்டுகளைக் கழற்றிவிட்டு, கடையில் கிடைக்கும், ஒரு பக்கமிருந்தே கருவியால் இழுத்து இறுக்கும் பாப் ரிவெட்டைப் போட்டேன். ஆறும் ஒழுகின. சாதாரண பாப் ரிவெட்டின் நடுவே துளை உண்டு, தண்ணீர் அது வழியே வந்துவிடும். இது தெரியாமல் ஒரு ஞாயிறு போனது.

எதிர்வீட்டு மாமா எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ரிவெட் அடித்தே ஓய்வு பெற்றவர். சத்தம் கேட்டு வந்தவர், ரிவெட்டுகளை விரல் நகத்தால் தட்டிப் பார்த்தார். “தம்பி, இது விமானத் தகட்டு வேலைதான். கவிழ்த்துப் போட்டால் படகு, அவ்வளவே” என்றார். அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. போர் விமானங்கள் செய்துகொண்டிருந்த அமெரிக்காவின் கிரம்மன் நிறுவனம், இரண்டாம் உலகப் போர் முடிகிற காலத்தில் அதே தகட்டையும் அதே ரிவெட்டையும் வைத்து அலுமினியத் தோணி செய்து விற்கத் தொடங்கியது. 1940இல் பெங்களூரில் தொடங்கிய அந்த எச்.ஏ.எல்.லில் கற்ற கை, அல்சூர் மாடியில் என் படகுக்கு உதவியதில் வியப்பில்லை.

அடுத்த நான்கு ஞாயிறுகள் அவர் உள்ளே, நான் வெளியே. நான் ரிவெட் தலையில் சுத்தியலால் அடிக்க, மறுபக்கம் வால்முனையில் கனமான இரும்புக்கட்டியை அவர் அழுத்திப் பிடித்திருப்பார். டாலி என்பார் அதை. 5 மில்லிமீட்டர் ரிவெட் என்றால் தகட்டுக்கு அப்பால் ஏழரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடித்து முடித்தால் வால் ஏழரை அகலத்துக்கும் இரண்டரை உயரத்துக்கும் பரவி உட்கார வேண்டும். ஒழுங்காக உட்காரும்வரை ‘ணங்’ என்ற ஓசை வரும், உட்கார்ந்ததும் ‘தொப்’ என்று மாறும். நான் கண்ணால் பார்த்ததை மாமா காதால் முடித்துவிடுவார்.

பின்பலகை உளுத்திருந்தது. மெரைன் பிளைவுட் வாங்கி அறுத்தேன். பூச்சி அரிக்காமலிருக்க அந்தப் பலகையில் ஏற்றும் மருந்தில் பெரும்பாலும் தாமிர உப்பு இருக்கும். ஈரத்தில் அது அலுமினியத்தைத் தின்றுவிடும். அதனால் ஓரம், துளை விடாமல் மூன்று முறை எபாக்சிப் பிசின் பூசினேன். படகில் செப்புக்காசு விழுந்தால்கூட உடனே எடுத்துவிடு என்று மாமா எச்சரித்திருந்தார்.

மறுபடி தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். 42 வட்டங்கள் காய்ந்திருந்தன. வலது ஓரத்தில், பின்னாலிருந்து மூன்றாவது ரிவெட்டில் மட்டும் நிமிடத்துக்கு ஒரு சொட்டு. இரண்டு முறை மாற்றியும் நிற்கவில்லை. “ஒன்று இருக்கட்டும்” என்றார் மாமா. அவருக்குச் சலித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஜீப் கூரையில் கட்டிக்கொண்டு ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி அணைக்குப் போவோம். அங்கே பரிசல்காரர்கள்தான் “ஈயச்சட்டி வந்துவிட்டது” என்று பெயர் வைத்தார்கள். சட்டிதான், சந்தேகமில்லை. பன்னிரண்டு மணி வெயிலில் இருக்கையில் உட்கார முடியாது. தூண்டில் டப்பா கைதவறி விழுந்தால் கோயில் மணி அடித்ததுபோல் ஓசை. மீன் எல்லாம் காணாமல் போய்விடும். தேங்காய்நார் மிதியடிகளைத் தரையில் விரித்த பிறகுதான் ஜிலேபிக் கெண்டை கிடைத்தது. இரைக்கு ராகிக் களி உருண்டை. மதியம் எங்களுக்கும் அதே உருண்டைதான். மாமா துடுப்புப் போட மாட்டார். ஒரு பழைய டால்டா டப்பாவோடு மூன்றாவது ரிவெட்டின் அருகே உட்கார்ந்து, அவ்வப்போது நீரை மொண்டு ஊற்றுவார்.

2011இல் அடுக்குமாடிக்கு மாறினோம். மொட்டை மாடி போயிற்று. எங்களுக்குப் பழக்கமான பரிசல்காரரிடமே படகைக் கொடுத்துவிட்டேன்.

போன மாங்காய்ப் பருவத்தில் அவர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு மாமரத்தடியில், செங்கற்கள் மேல், விளிம்புவரை தண்ணீரோடு ஈயச்சட்டி. இரண்டு எருமைகள் குடித்துக்கொண்டிருந்தன. அவருக்குக் கொஞ்சம் கூச்சம், “நல்ல தொட்டி, ஐயா” என்றார். நான் வலது பக்கம் போய்க் குனிந்து அடியில் பார்த்தேன். மண்ணில் ஒரு ரூபாய்க் காசளவுக்கு ஈரம்.