பளிங்குச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல்

2011ல் அம்மாவோடு எருசலேம் போனபோது, அங்குள்ள பெரிய கோயிலுக்குள், இயேசு ஆண்டவரின் திருக்கல்லறை மேலுள்ள சிற்றாலயத்தைச் சுற்றி இரும்புச் சட்டங்கள் முட்டுக்கொடுத்து நின்றன. 1947ல் ஆங்கிலேயர் வைத்த முட்டு. பளிங்கெல்லாம் மெழுகுவர்த்திப் புகையில் கறுத்துக் கிடந்தது. "இடிஞ்சு விழுந்துடாதுல்ல?" என்றார் அம்மா. எனக்கும் அதே பயம்தான். 2015ல் ஆபத்து என்று போலீசார் சில மணி நேரம் மூடியே விட்டார்கள்.

2019 தவக்காலத்தில் மறுபடி போகக் கிடைத்தது. மூட்டுவலியால் அம்மா வரவில்லை. "என் செபமாலைய அந்தக் கல்லுல வச்சு எடுத்துட்டு வா" என்று கொடுத்தனுப்பினார்.

இரும்பைக் காணோம்! பளிங்கு வெளிறிப் பளிச்சென்று நின்றது. ஓர் ஏணியை நகர்த்தவே மூன்று சபையாரின் சம்மதம் வேண்டிய கோயில் அது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையார், கத்தோலிக்கர் சார்பில் பிரான்சிஸ்கன் துறவிகள், ஆர்மீனியர் மூவரும் இந்த வேலைக்கு ஒன்றுகூடியதே எனக்குப் புதுமைதான். ஏதென்ஸ் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு ஒன்று பலகைகளைக் கழற்றி, கரி நீக்கி, உள்சுவருக்குள் காரை செலுத்தி, டைட்டானியம் ஆணிகளால் இறுக்கி, 2017 மார்ச்சில் முடித்தது.

நடுவில், 2016 அக்டோபரில், கல்லறையை மூடிய பளிங்கை 60 மணி நேரம் விலக்கினார்கள். குறைந்தது 1555 முதல் அங்கிருந்த பலகை. அதன் அடியில் சிலுவை செதுக்கிய, உடைந்த இன்னொரு பழைய பளிங்கு. அதற்கும் கீழே, உடலைக் கிடத்தும் சுண்ணாம்புப் பாறை சேதமில்லாமல் இருந்தது. பழைய பளிங்கின் காரை ஏறக்குறைய கி.பி. 345ஐச் சேர்ந்ததாம், ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கட்டிய முதல் கோயிலின் காலம்.

தலை குனிந்துதான் உள்ளே நுழைய முடியும். மூன்று நான்கு பேருக்குத்தான் இடம். முழந்தாளிட்டேன். பளிங்கு ஜில்லென்றிருந்தது, கைகள் பட்டுப்பட்டு ஓரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. செபமாலையை வைத்தேன். அப்புறம்தான் சுவரைப் பார்த்தேன். பளிங்கில் புதிதாகச் சதுரமாக வெட்டிக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அதற்குள்ளே மெருகில்லாத, சொரசொரப்பான பாறை. இதைத்தானே அன்று குடைந்தார்கள்! செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. அதற்குள் வெளியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும், ஆண்டவரின் திருவுடலுக்குத் தைலம் பூசியதை நினைவுகூரும் கல்லிலும் செபமாலையைத் தேய்த்து எடுத்தேன்.

ஊர் வந்து அம்மா கையில் கொடுத்தேன். மூக்கருகே வைத்து வெகுநேரம் முகர்ந்துகொண்டிருந்தார். அந்தத் தைல வாசனை இன்னும் போகவில்லை.