வாத்தியார்களுக்கு வாத்தியார்: ஒரு பிப்ரவரி மாதக் குறிப்புகள்

பிப்ரவரி 7, சனி

திருவொற்றியூர் மாடி அறையில் இன்று ஆரம்பம். வந்திருப்பது இரண்டு பேர். ஒருவர் காசிமேட்டுக்காரர், நாற்பதைத் தாண்டியவர், பரம்பரையாகக் கடல்தான். இன்னொருத்தி எர்ணாவூர்ப் பெண். அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். இருவரும் ஸ்கூபா இன்ஸ்ட்ரக்டர்கள், அதாவது காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்தக் கற்றுத் தருகிறவர்கள். நன்றாகவே சொல்லித் தருவார்கள். இப்போது பழக வந்திருப்பது வேறு வேலை. இன்ஸ்ட்ரக்டர் ஆகப்போகிறவர்களைக் கூடவே இருந்து பார்ப்பது, மதிப்பெண் போடுவது, முதல் சில வகுப்புகளில் பக்கத்தில் நிற்பது. 1966-இல் அமெரிக்காவில் தொடங்கிய பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பில் இந்தப் படிக்கு ஸ்டாஃப் இன்ஸ்ட்ரக்டர் என்று பெயர்.

முதல் நாள் முழுக்கக் காகித வேலை. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

விடிவதற்குள் குளத்தில் இறங்கிவிட்டோம். எட்டு மணிக்கு மேல் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

இன்ஸ்ட்ரக்டர் பயிற்சியில் ஒரு நாடகம் உண்டு. ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் மாணவர்களாக நடிப்பார்கள். அதில் ஒருவரிடம் மட்டும் ஸ்லேட்டில் எழுதி ரகசியமாக ஒரு தப்பைக் கொடுத்துவிடுவோம். நடத்துகிறவர் அதைக் கண்டுபிடிக்கிறாரா, எப்படித் திருத்துகிறார் என்பதுதான் பரீட்சை.

இன்று கொடுத்தது மாஸ்க்குக்குள் (கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி) புகுந்த தண்ணீரை வெளியேற்றும் பாடத்தில் ஒரு தப்பு. மேல்விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊத வேண்டும். அழுத்தாமல் ஊதினால் காற்று நெற்றிப் பக்கமாகக் குமிழியிட்டுப் போய்விடும், தண்ணீர் கண்ணுக்கு நேராக அப்படியே நிற்கும். பையன் கச்சிதமாக நடித்தான். நடத்தியவர் கவனிக்கவில்லை. காசிமேட்டுக்காரர் கவனித்தார், சட்டென்று நீந்திப் போய்த் தானே அவன் மாஸ்க்கை அழுத்திவிட்டார்!

மேலே வந்ததும் சொன்னேன்: "அண்ணே, மாஸ்க்ல தண்ணி நின்னவன் உங்க ஆளு இல்ல. அதைப் பாக்காம விட்டாரே, அவருதான் உங்க ஆளு."

"கை சும்மா இருக்க மாட்டேங்குது சார்" என்றார்.

அடுத்த சுற்றில் ஒரு கையில் ஸ்லேட், மறு கையில் பென்சில் கொடுத்து உட்கார வைத்தேன். உட்கார்ந்தார். ஆனால் முழங்கை துடித்துக்கொண்டே இருந்தது.

ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது என்று இருவரிடமும் கறாராகச் சொல்லிவிட்டேன். யாராவது மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் ஸ்லேட்டைப் போட்டுவிட்டுப் போய்ப் பிடிக்க வேண்டியதுதான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சில் அடைத்த காற்று மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிய அவ்வளவு ஆழம்கூடத் தேவையில்லை, ஆளுயரக் குளமே போதும். மதிப்பெண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 11, புதன்

மதிப்பெண் தாள்களைப் பார்த்தேன். ஒன்றிலிருந்து ஐந்து வரை போட வேண்டும். எர்ணாவூர்ப் பெண் எல்லாருக்கும் நாலு போட்டிருக்கிறாள். தப்பையே பார்க்காதவருக்கும் நாலு!

"அவரு வயசுல பெரியவரு சார். நான் ரெண்டு போட்டா மனசு கஷ்டப்படுவாரு."

இது நம் ஊரில் சின்ன விஷயம் இல்லை. அண்ணன், மாமா, மச்சான் என்று கூப்பிட்டுப் பழகிய வாயால் 'நீங்கள் இங்கே கோட்டை விட்டீர்கள்' என்று எப்படிச் சொல்வது? எந்தக் கையேட்டிலும் இதற்கு வழி கிடையாது. 'நல்லா இருந்தது', 'சரியில்லை' இரண்டையும் எழுதவே வேண்டாம் என்றேன். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னேன். யோசித்து எழுதினாள்: "மூன்றாவது மாணவர் ஊதியபோது குமிழி நெற்றிப் பக்கம் வந்தது. அந்த நேரத்தில் பயிற்சியாளர் முதல் மாணவரிடம் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்."

இதைப் படித்தால் யாருக்கும் கோபம் வராது. ரெண்டு ஏன் என்றும் புரிந்துவிடும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கடல் நாள், ஆனால் இறங்கவில்லை. ஒரு புது இன்ஸ்ட்ரக்டரோடு காசிமேட்டிலிருந்து ஃபைபர் போட்டில் பார் (கடலடிப் பாறைத் திட்டு) வரைக்கும் போனோம். காற்று அடித்து வண்டல் கிளம்பியிருந்தது. நீட்டிய கை மங்கலாகத்தான் தெரிந்தது. காசிமேட்டுக்காரர் தண்ணீரை ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். இந்தப் பக்கத்துப் பழக்கம் அது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது எல்லாம் இங்கே யாருக்கும் மறக்கவில்லை.

டைவ் வேண்டாம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது. டைவிங்கில் இதுதான் நடைமுறை. ஆனால் மேற்பார்வைக்கு ஒருவர் கூட வந்தால் புது இன்ஸ்ட்ரக்டர் அவர் முகத்தைத்தான் பார்ப்பார். இன்றும் அப்படியே பார்த்தார். காசிமேட்டுக்காரர் வாயே திறக்கவில்லை, நங்கூரக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் புதியவரே "திரும்பிடலாம்ணே" என்றார். போன வாரம் கை துடித்தவரா இவர்!

டீசல் செலவு என் தலையில்.

பிப்ரவரி 22, ஞாயிறு

தண்ணீர் தேவலை. சான்றிதழ் வாங்கிய புது இன்ஸ்ட்ரக்டர் ஒருவருக்கு இன்று நிஜ மாணவர்களோடு முதல் கடல் வகுப்பு. மேற்பார்வை எர்ணாவூர்ப் பெண். தொடக்கநிலை வகுப்பில் ஒருவர் எட்டு மாணவர்கள் வரை கடலுக்குள் கூட்டிப் போகலாம். அது உச்சவரம்பு, கட்டாயம் இல்லை. தெளிவு குறையும்போது ஆளைக் குறைக்க வேண்டும். அவர் ஆறு பேரைத் தயார்ப்படுத்தியிருந்தார்.

குறையுங்கள் என்று இவள் சொல்லவில்லை. "அண்ணே, கீழ போனதும் கடைசி ஆளு எங்க நிப்பாரு? உங்க இடத்துலேருந்து அவரு கண்ணு தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தண்ணீரைப் பார்த்தார், ஆறு பேரையும் பார்த்தார். மூன்று மூன்றாகப் பிரித்தார். முதல் மூவர் இறங்கியபோது மற்ற மூவரும் உதவியாளரோடு போட்டிலேயே இருந்தார்கள். எல்லாரும் சிலிண்டரில் 50 பார் அழுத்தத்துக்கு மேல் காற்றை மிச்சம் வைத்தே ஏறினார்கள்.

கரையில் பேசும்போதும் அவரையே முதலில் பேசவிட்டாள். தான் சொல்ல வைத்திருந்த மூன்று குறைகளில் இரண்டை அவரே சொல்லிவிட்டார். மூன்றாவதை ஸ்லேட்டைப் பார்த்துப் படித்தாள்: ஏறும்போது ஒருமுறைகூட அவர் கீழே திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

மீன் குழம்பு சாப்பிடும்போது, "அடுத்த ஞாயிறும் தங்கச்சியையே அனுப்புங்க சார்" என்று என்னிடம் கேட்டார். முடியாது என்றேன். அடுத்த ஞாயிறு காசிமேட்டுக்காரர் முறை.