ஊசிமுனைத் துளை

பன்னிரண்டு ஆண்டுகளாக மாட்டுக்கொட்டகையில் கிடந்த சித்தப்பாவின் சிபிஇசட் பைக்கை இன்று கையில் எடுத்தேன். முன்சக்கர டிஸ்க் பிரேக்கைப் பார்க்கவே அந்தக் காலத்தில் ஆட்கள் வந்து நிற்பார்கள். இப்போதோ பிரேக்கைப் பிடித்தால் பிடித்ததுதான், விட்ட பிறகும் சக்கரம் அசையவில்லை.

கைப்பிடியில் இருக்கும் பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தின் மேல்மூடியைத் திறந்தால் டிகாக்ஷன் நிறத்தில் எண்ணெய், அடியில் பனங்கற்கண்டு போலப் படிகம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றியிருக்க வேண்டும். கிண்ணத்தின் அடியில் இரண்டு துளைகள். பெரியது கண்ணுக்குத் தெரிந்தது. பிரேக்கை விட்டதும் எண்ணெய் திரும்பி வரவேண்டிய ஊசிமுனைத் துளையைக் கண்டுபிடிக்கவே அரைமணி நேரம் ஆனது. பழைய கிளட்ச் கேபிளில் ஓர் இழையைப் பிரித்து மெல்லக் குத்தினேன். பச்சையாக ஒரு துணுக்கு வெளியே வந்தது.

“பெட்ரோல் ஊற்றிக் கழுவு தம்பி” என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். நல்ல மனிதர்தான், ஆனால் பெட்ரோல் பட்டால் உள்ளிருக்கும் ரப்பர் உப்பிவிடும். புது பிரேக் எண்ணெயிலேயே கழுவினேன். ரப்பர் குழாயும் புதிது. காற்றை வெளியேற்ற, ஊசிக்குழலால் கீழிருந்து மேலாக எண்ணெயை ஏற்றினேன். சக்கரம் சுற்றுகிறது!

டேங்க் மீது ஒரு துளி சிந்தியதைத்தான் கவனிக்கவில்லை. அந்த இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறது. சித்தப்பா இன்னும் பார்க்கவில்லை.