ஓர் எழுத்து கூடியதால்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், தோட்டத்துப் பூப்பந்துப் போட்டிக்கான பேனர் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகும். தமிழில் பிழை விட்டால் ஊர்ப் பெரியவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் நான் போட்டதை யாரும் கேட்பதில்லை.

ஒருமுறை ஏற்பாட்டாளர் தந்த தாளில் 'ஃபைனல், இரவு 8 மணி' என்றிருந்தது. எடுப்பாக இருக்கட்டும் என்று ஆங்கிலத்தில் Final கடைசியில் e என்று ஓர் எழுத்தைச் சேர்த்து, முன்னால் ஒரு 'கிராண்ட்'டும் போட்டு, 'கிராண்ட் ஃபினாலே' என்று மாற்றிவிட்டேன்.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவரின் பேரன் அன்று ஆடினான். பெரியவரின் மகளுக்குப் பகலெல்லாம் ஃபேக்டரி வேலை. பேனரைப் படித்த மகள், "ஆட்டம் பகல்லயே முடிஞ்சிருக்கும்ப்பா, பரிசு வாங்குறதையாவது பார்ப்போம்" என்று அப்பாவை ஒன்பதரைக்கு அழைத்து வந்தார். மறுநாள் பெரியவர் கடைக்கே வந்தார். "தம்பி, கிண்ணத்தோட அவன் நின்னதப் பார்த்தேன், ஆடினதப் பார்க்கலியே" என்றார். கோபமே இல்லை. அதுதான் என்னை வாட்டியது.

மகள் சரியாகத்தான் படித்திருந்தார். ஃபினாலே இத்தாலிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். இசையின் கடைசிப் பகுதி, மேடை நிகழ்ச்சியின் நிறைவு, தொடரின் கடைசி அத்தியாயம், இவற்றுக்கெல்லாம் பொருந்தும். அதில் வென்றவர், தோற்றவர் என்று யாரும் இருக்க வேண்டியதில்லை. ஃபைனலில் கட்டாயம் ஒருவர் தோற்க வேண்டும்.

அப்புறம் 'டிசைடர்' என்று இன்னொரு சொல். இதற்கு 2012 லண்டன் ஒலிம்பிக் பூப்பந்து இறுதி ஆட்டத்தை நினைத்துக்கொள்வேன். நம் மலேசியாவின் லீ சோங் வெய், சீனாவின் லின் டானிடம் முதல் செட்டை 21-15 என்று வென்றார், அடுத்ததை 10-21 என்று விட்டார். மூன்றாவது 19-21. அந்த ஆட்டம் முழுவதும் ஃபைனல். நம் நெஞ்சை அடைக்க வைத்த அந்த மூன்றாவது செட் மட்டும்தான் டிசைடர்.

அதையே எங்கள் பையன்கள் 'ரப்பர் செட்' என்பார்கள். 1877இல் ரப்பர் கன்றுகள் நட்ட கோலகங்சார் எங்களுக்குப் பக்கத்து ஊர். அதனால் நம் மரத்திலிருந்து வந்த சொல் என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். அப்படியில்லை. விளையாட்டில் அந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலத்தில் இருந்திருக்கிறது. மரப்பாலுக்கு அந்தப் பெயர் வந்ததோ 18ஆம் நூற்றாண்டில், பென்சில் கோட்டைத் தேய்த்து அழித்ததால். 'ரப்பர் செட்' பேச்சில் நன்றாக இருக்கிறது, ஆனால் பேனரில் நான் போடமாட்டேன். பால் வெட்டிய கைகள் உள்ள ஊரில் அதற்கு முதல் பொருள் வேறு.

இப்போது யார் தாளை நீட்டினாலும், "இது ஆட்டம் தொடங்குற நேரமா, பரிசு குடுக்குற நேரமாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுத்தைக் கோக்கிறேன். ஆங்கிலத்துக்குக் கீழே 'இறுதி ஆட்டம்' ஒரு வரி, 'நிறைவு விழா' இன்னொரு வரி.