ஹீட்டர் ஓவர்ஹால்: ஒரு மெக்கானிக்கின் நாட்குறிப்பு

அக்டோபர் 6

இரட்டை இன்ஜின் விமானத்தின் மூக்குப் பகுதியிலிருந்து ஹீட்டரை இறக்கினோம். ஒற்றை இன்ஜின் விமானங்களில் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிய உறையிலிருந்தே கேபினுக்குச் சூடான காற்று கிடைத்துவிடும். இன்ஜின்கள் இறக்கையில் இருந்தால் அது தோதுப்படாது. அதனால் மூக்கிலேயே தனியாக ஓர் அடுப்பு. விமானத்தின் பெட்ரோலைத் தெளித்து, இடைவிடாத தீப்பொறியில் எரிக்கிறது. குழாய்க்குள் நெருப்பு; குழாயைச் சுற்றிக் கேபினுக்குப் போகும் காற்று. நடுவில் இருப்பது மெல்லிய எஃகுத் தகடு மட்டும்.

"போன வாரம்கூட நல்லா சூடா வந்துச்சே சார், இப்ப ஏன் கழட்டணும்?" என்றார் உரிமையாளர். நியாயமான கேள்வி. ஆனால் தகட்டில் விரிசல் விழுந்தாலும் ஹீட்டர் சூடாகத்தான் வீசும். சூடு வருகிறதென்றால் நெருப்பு எரிகிறது, அவ்வளவுதான். தகடு எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது.

அக்டோபர் 7

பிரித்தாயிற்று. கம்பஷன் டியூபின், அதாவது நெருப்பு எரியும் அந்தக் குழாயின், உள்ளே சாம்பல் நிறப் படிவு, ஸ்பார்க் பிளக்கிலும் அதே. 100எல்எல் என்னும் விமானப் பெட்ரோலில் கலந்த ஈயம் எரிந்து விட்டுச் செல்வது. உலர்ந்தபடியே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஊதினால் ஈயத்தூசியை மூச்சில் இழுக்க வேண்டியதுதான். நனைத்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு பொறுமையாக எடுத்தோம். கழுவிய நீர் தனி டப்பாவில்; சாக்கடைக்கு அல்ல.

பெட்ரோலைத் தெளிக்கும் நாசிலைப் பார்த்துவிட்டு உடன் வேலை செய்யும் தம்பி, "மெல்லிசு கம்பி விட்டு ஒரு குத்து குத்தினா திறந்துடும்ணே" என்றான். வேண்டாம் என்றேன். துளையின் ஓரம் கீறினால் தெளிப்பு ஒரு பக்கம் சாயும், சாய்ந்த ஜுவாலை டியூபின் ஒரே இடத்தைச் சுடும், அங்கேதான் தகடு களைக்கும். புது நாசில் போடுவதாக முடிவு. ஓ-ரிங், கேஸ்கட், பெட்ரோல் ஹோஸ் எல்லாமும் புதியவை.

சுத்தம் செய்த டியூபை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

அக்டோபர் 9

இன்றைக்குப் பிரஷர் டிகே சோதனை. டியூபின் எல்லா வாய்களையும் அடைத்து, உள்ளே காற்றழுத்தம் ஏற்றி, அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ 1996-ல் ஜானிட்ரால் நிறுவனத்தின் பி வரிசை ஹீட்டர்களுக்குக் கட்டாயமாக்கிய சோதனை இது; அன்றைய விதிப்படி ஹீட்டர் ஓடிய 100 மணி நேரம் அல்லது 24 மாதம், எது முந்துகிறதோ அப்போது. எங்கள் கையிலிருப்பது வேறு வகை. அதன் மேனுவலும் இதே சோதனையைத்தான் கேட்கிறது.

முள் நிற்கவேயில்லை, சரசரவென்று இறங்கியது. முதலில் அடைப்பான்களைச் சந்தேகித்தோம். இறுக்கிவிட்டுத் திரும்ப ஏற்றினாலும் அதே கதை. சோப்புத் தண்ணீர் தடவினோம். வெல்டிங் தையலை ஒட்டி ஓரிடத்தில் குமிழ் வந்துகொண்டே இருந்தது. நேற்று முன்தினம் விளக்கடியில் பார்த்த அதே இடம். இந்தச் சோதனையை யார் தவிர்த்தாலும் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

அக்டோபர் 10

உரிமையாளரை நேரில் வரச்சொல்லிக் குமிழைக் காட்டினேன். ஒட்டவைக்க முடியாதா என்றார். என் கையால் செய்ய மாட்டேன். விரிசல் வழியே நெருப்பின் புகை கேபினுக்குள் கசியும். அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். 2019 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் விழுந்த ஒற்றை இன்ஜின் பைப்பர் மாலிபுவில் இருந்த கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவின் ரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின், அதாவது அந்த வாயு பிடித்துக்கொண்ட ஹீமோகுளோபின், 58 சதவீதம். அங்கே புகை வந்த வழியாக விசாரணை கருதியது இன்ஜின் எக்ஸாஸ்டை. வழி வேறானாலும் வாயு ஒன்றுதான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "புது டியூப் வரவழைங்க" என்றார்.

அக்டோபர் 20

புது டியூப் பொருத்தினோம். அதையும் சோதனை செய்த பிறகுதான் உறைக்குள் ஏற்றினேன். புதியது என்பதற்காக விலக்கு கிடையாது. பிளக் இடைவெளி மேனுவல்படி. காற்றழுத்த சுவிட்சையும் தனியே சோதித்தோம்: எரிப்புக் காற்று வராவிட்டால் பெட்ரோல் வால்வு திறக்கக் கூடாது. சூடு மிஞ்சினால் ஹீட்டரைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்தால் விழுந்ததுதான். தரையில் இறங்கிக் காரணம் கண்ட பிறகே ரீசெட்.

அக்டோபர் 21

தரையில் ஓட்டிப் பார்த்தோம். உடனே பற்றியது, சீராக எரிந்தது, சூடான காற்றின் வெப்பத்தைப் பார்த்து இயங்கும் டக்ட் சுவிட்ச் ஒழுங்காக அணைத்து எரியவைத்தது. வயிற்றுப்புற டிரெயின் குழாயில் பெட்ரோல் கசிவில்லை. கேபின் வென்ட் ஒவ்வொன்றிலும் மீட்டர் வைத்தோம்: கார்பன் மோனாக்சைடு பூஜ்யம். அணைத்த பின்னும் டியூப் ஆறும்வரை புளோயரை ஓடவிடச் சொல்லி உரிமையாளரிடம் செய்துகாட்டினேன். பேனலில் ஒட்டியிருந்த, கார்பன் மோனாக்சைடு பட்டால் நிறம் மாறும் அட்டை காலாவதியாகியிருந்தது. ஒலி எழுப்பும் டிஜிட்டல் மீட்டர் வாங்க ஒத்துக்கொண்டார்.

லாக்புக்கில் அழுத்த அளவுகளை எண்களாகவே எழுதினேன், "சோதிக்கப்பட்டது" என்ற ஒற்றைச் சொல்லாக விடாமல். லைசென்ஸ் பெற்ற இன்ஜினியர் மறுபடி பார்த்துக் கையெழுத்திட்டார்.