வெறும் வண்டிக் கணக்கு

ஜூன் 1, 2025, ஞாயிறு

ஓப்பன் டிடிடியை மறுபடி கணினியில் இறக்கிவிட்டேன். 1994இல் கிறிஸ் சாயர் உருவாக்கிய டிரான்ஸ்போர்ட் டைக்கூனின் வழிவந்த இலவச விளையாட்டு. ரயில் விட்டுச் சரக்கும் பயணிகளும் ஏற்றிக் கூலி வாங்கும் நிறுவனத்தை நாமே நடத்த வேண்டும். ஆட்டத்தில் இப்போது 1950. கையில் 1,00,000 பவுண்டு, அதுவும் கடன்.

நிலக்கரிச் சுரங்கத்துக்கும் அதை இறக்க வேண்டிய மின்நிலையத்துக்கும் நடுவே ஒரு குன்று. வெட்டினால் காசு கரையுமே என்று பாதையைச் சுற்றிப் போட்டேன். வரைபடம் முழுக்கச் சதுரக் கட்டங்கள். 90 கட்டத்துக்குத் தண்டவாளம் போட்டும் கூலி வந்தது 50 கட்டத்துக்குத்தான். இரண்டு நிலையங்களுக்கும் இடையே குறுக்கே எத்தனை கட்டம், நெடுக்கே எத்தனை கட்டம் என்று கூட்டித்தான் கூலி போடுகிறார்கள். சுற்று வழிக்கு மீட்டர் ஓட இது டாக்சி இல்லையே!

ஜூன் 3, செவ்வாய்

தாமதமானால் கூலி போய்விடும் என்று இத்தனை நாள் பயந்தது வீண். வேலைக்குப் போகும் வழியில், சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிலக்கரிக்கு முதல் 17 நாள் ஒரு காசும் குறையாது. 40 நாள் ஓடினாலும் நூற்றுக்கு நாலு கூடக் குறையவில்லை. எவ்வளவு தாமதமானாலும் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவாவது கிடைக்கும். பயணிகளுக்குத்தான் ஏறியதிலிருந்தே குறையத் தொடங்குகிறது. நிலையத்தில் குவிந்து கிடக்கும் சரக்குக்கு வயதே ஏறுவதில்லை, வண்டியில் ஏறிய பிறகுதான்.

அப்படியானால் தூரம்தான் காசு. பழைய பாதையைப் பிடுங்கிவிட்டு 110 கட்டம் தள்ளியிருக்கும் மின்நிலையத்துக்குப் போட்டேன். 'முழுச்சுமை ஏறும்வரை நில்' என்ற கட்டளையும் கொடுத்தாயிற்று. வண்டி எப்போதும் நடைமேடையில் நின்றால் நிலையத்தின் மதிப்பீடு உயரும், சுரங்கமும் சரக்கை அதிகமாகக் கொடுக்கும்.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. அப்பா தேத்தண்ணீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கன்டெய்னர் பெட்டிகளை இழுக்கும் பிரைம் மூவர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், பாதி ஆயுசு பாசிர் பாஞ்சாங் துறைமுகத்துக்கும் ஜூரோங்குக்கும் நடுவிலேயே போனது. வண்டிகள் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"திரும்பி வர்ற வண்டியில என்னடா இருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா. நிலக்கரிப் பெட்டியில வேற எதையும் ஏத்த முடியாது."

"வெறும் வண்டியா பாதி நாள் ஓட்டறே, அப்புறம் லாபம் இல்லங்கறே. எங்களுக்கு ட்ரிப்புக்குத்தான் காசு. பெட்டியை இறக்குன இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொண்ணு கிடைக்குமான்னு முதல்ல அதைத்தான் பாப்போம்."

பதில் சொல்லாமல் வரைபடத்தைப் பெரிதாக்கினேன். அந்த மின்நிலையத்துக்குப் பக்கத்திலேயே இரண்டாவது சுரங்கம் ஒன்று இருக்கிறது. முதல் சுரங்கத்திலிருந்து 50 கட்டத்திலோ, செவ்வாய்க்கிழமை நான் அவசரப்பட்டுக் கைவிட்ட பழைய மின்நிலையம். இத்தனை நாளும் கண்முன்னே கிடந்திருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

விடிய இரண்டு மணிவரை தண்டவாளம் போட்டேன். முதல் சுரங்கத்தில் ஏற்றித் தொலைவில் இறக்கி, பக்கத்திலேயே மறுபடி ஏற்றிப் பழைய மின்நிலையத்தில் இறக்க வேண்டியது. வெறுமையாக ஓடும் தூரம் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒவ்வொரு ரயிலின் ஆண்டு லாபமும் நன்றாகவே கூடியது. அப்பாவிடம் சொல்லவில்லை, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 11, புதன்

எல்லாம் நின்றுவிட்டது. இரண்டாவது சுரங்கத்தின் உற்பத்தி சரிந்திருக்கிறது. முழுச்சுமைக்காக ஒரு ரயில் அங்கே தவம் கிடக்க, அதன் வாலைப் பிடித்து ஆறு ரயில்கள் வரிசையில் நிற்கின்றன. முதல் சுரங்கத்துக்கு வண்டியே போகவில்லை, அங்கேயும் மதிப்பீடு பாதாளத்தில்.

இரண்டாவது சுரங்கத்தில் மட்டும் முழுச்சுமைக் கட்டளையை எடுத்தேன். கிடைத்ததை ஏற்றிக்கொண்டு ரயில்கள் கிளம்பின, சில பாதிகூட நிரம்பாமல்.

"என்ன, கியூவா?" என்றார் அப்பா, எட்டிப் பார்த்து. அவருக்கு இது புதிதா என்ன.